வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது, ஆறு மாதம் ஆகிறது

பிரிவு: அனுதின தியானம்

நாசரேத்துக்காரி · ஜூன் 9, அதிகாலை 5.10

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்து வாக்குத்தத்தமாக ஆளுக்கு ஒன்று என்று தட்டிலிருந்து எடுத்த வசன அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அங்கேயே அழுதுவிட்டேன். என் கணவர் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினார். அதை மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன வருஷம் ஏப்ரலில் இங்கே வந்தோம். அம்மா நாசரேத்தில் தனியாக இருக்கிறார்கள்.

இந்த வசனம் வந்ததும், இந்த வருஷம் கர்த்தர் ஊருக்குத் திரும்ப வழி திறப்பார் என்று முழுசாக நம்பினேன். ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது, போய்விட்டது. மார்ச்சில் இன்னொன்று. அதுவும் இல்லை. தினமும் நாலரைக்கு எழுந்து வேதம் வாசிக்கிறேன். இப்போதெல்லாம் அந்த அட்டை இருக்கிற பக்கத்தைத் திறக்கவே மனசு வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வந்த அன்றைக்குக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளில் ஏழு இன்னும் பிரிக்காமலே ஹாலில் இருக்கின்றன. என் தையல் மெஷின்கூட கோணிக்குள்தான். எப்படியும் திரும்பிப் போகப்போகிறோம், எதற்குப் பிரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அதைத்தான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசனம் என்னுடையதுதானா? தப்பாகப் புரிந்துகொண்டேனா?

ஜெபத்தோழி · ஜூன் 9, காலை 6.02

சிஸ்டர், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. சோர்ந்துபோகாதீர்கள். டிசம்பருக்குள் ஊரில் இருப்பீர்கள் என்று என் உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது. இன்றைக்கு உபவாசத்தில் உங்களை நினைக்கிறேன்.

ஏட்டுச்சுருள் · ஜூன் 9, இரவு 9.47

சகோதரி, உங்கள் கேள்வியைக் காலையிலேயே பார்த்தேன். அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது என்று ராத்திரிவரை வைத்திருந்தேன்.

29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம், பதினோராம் வசனம் அதன் நடுவில் வருகிற ஒரு வரி. அதனால் கடிதத்தை முதலிலிருந்து பார்ப்போம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். யூதாவின் எகொனியா ராஜாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அவனையும் தாயாரையும், பிரபுக்களையும், கூடவே தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். கைத்தொழில் தெரிந்தவர்கள் ஊரில் மிஞ்சவில்லை. தேவாலயம் மட்டும் இன்னும் இடியாமல் நிற்கிறது. அதனால் போனவர்களுக்கெல்லாம் ஒரே நினைப்பு: சீக்கிரம் திரும்பிவிடுவோம்.

அந்த நேரத்தில்தான் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து இதை எழுதி, எலெயாசா, கெமரியா என்ற இரண்டு பேர் கையில் கொடுத்தனுப்புகிறார். கடிதத்தின் முதல் கட்டளை ஐந்தாம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." அப்புறம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அங்கேயே பெருகுங்கள் என்கிறார். பத்தாம் வசனத்தில் கணக்கைச் சொல்கிறார். எழுபது வருஷம். அதற்கு அடுத்த வசனம்தான் உங்கள் அட்டையில் வந்தது.

கடிதத்தைக் கையில் வாங்கியவனுக்கு முப்பது வயது என்று வைத்துக்கொள்வோம். கல்லறை பாபிலோனில்தான் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். 597-லிருந்து எண்ணினால் எழுபது சரியாக வராது. பாபிலோன் தலையெடுத்த காலத்திலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு. ஆலயம் இடிந்ததிலிருந்து திரும்பக் கட்டி முடித்ததுவரை எண்ணுகிறவர்களும் உண்டு. எப்படி எண்ணினாலும் முப்பது வயதுக்காரன் ஊர் பார்க்கப்போவதில்லை. அவனிடம்தான் கர்த்தர் "தீமைக்கல்ல" என்று சொல்கிறார்.

ஜெபத்தோழி சகோதரியின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முந்தின அதிகாரத்தில் கிபியோன் ஊர் அனனியா என்ற தீர்க்கதரிசி, ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். நுகத்தை உடைப்பதற்கு முன்னால், அவன் அப்படிச் சொன்னதும் எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அந்த ஆசைதான். ஆனாலும் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தை என்று சொல்ல அவர் துணியவில்லை. நமக்குப் பிரியமானவர்கள் அழும்போது தேதி சொல்லித் தேற்றிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். தேதி தாண்டிப் போன பிறகு அவர்கள் முகத்தைப் பார்ப்பது கொடுமை.

ஜெபத்தோழி · ஜூன் 9, இரவு 10.30

அண்ணா, சரி. நான் சொன்னது என் ஆசைதான். சிஸ்டர், மன்னித்துக்கொள்ளுங்கள். ஜெபத்தை மட்டும் நிறுத்த மாட்டேன்.

தீத்து_அண்ணன் · ஜூன் 10, காலை 7.15

எல்லாம் சரிதான். ஆனால் இதோடு விட்டால் அந்தத் தங்கச்சி அட்டையைக் கிழித்துப் போட்டுவிடும். அதனால் நான் கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷா வருஷம் அட்டை எடுப்பார்கள். அதை தினமும் ஒரு தடவை நான் வாசித்துக் காட்ட வேண்டும். ஸ்கூலுக்குப் போகிற அவசரத்தில் வேகமாக வாசித்தால் விட மாட்டார்கள், "மெதுவா, மெதுவா" என்பார்கள். ஒரு வருஷம் யோசுவா 1:5 வந்தது. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." அந்த வருஷம்தான் பெரியப்பா இறந்தார். அடக்கம் முடிந்து வந்து, சேலை மாற்றுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு அட்டையை வாசிக்கச் சொன்னார்கள். யோசுவா யார், யோர்தான் எங்கே இருக்கிறது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த வசனம் அவர்களுடையது இல்லை என்று நான் சொல்லிவிட முடியுமா?

வேதமே அப்படிச் செய்கிறது, பாருங்கள். யோசுவா ஒருவனுக்குச் சொன்ன அதே வார்த்தையை எபிரெயர் 13:5 எடுத்து, பண ஆசை இல்லாமல் இருக்கிறதைப் போதுமென்று எண்ணுங்கள் என்று சபை முழுவதற்கும் கொடுக்கிறது. ஒருத்தருக்கு வந்த வாக்குத்தத்தம் அடுத்தவர் கைக்குப் போகலாம். சூழ்நிலை தெரிய வேண்டும் என்பது சரி. சூழ்நிலை தெரியாதவனுக்கு வசனமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏட்டுச்சுருள் · ஜூன் 10, மதியம் 1.20

தீத்து அண்ணன், ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியதில் அந்தக் கடுமை இருந்தது. உங்கள் பெரியம்மா அந்த வசனத்தில் எதைப் பிடித்தார்கள்? அவர் கைவிட மாட்டார் என்பதை. யோசுவாவும் அதைத்தான் பிடித்தான். வசனம் சொல்லாத ஒன்றை அதன்மேல் அவர்கள் ஏற்றவில்லை. எரேமியா 29:11 விஷயத்தில் நமக்கு நடப்பது வேறு. "நான் கேட்டது நடக்கும்" என்பதை அதன்மேல் வைத்துவிடுகிறோம்.

இன்னொன்று. வேதத்தில் கர்த்தர் ஒரு ஆளிடம் பேசினால் "நீ, உன்" என்பார். நம் பேச்சில் மரியாதைக்கு வருகிற "உங்கள்" அங்கே கிடையாது. ஆக பதினோராம் வசனத்தில் "உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்" என்றால் பல பேர், ஒரு கூட்டம். எபிரெயத்திலும் பன்மைதான். தமிழில் வாசிக்கும்போது இது நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது, அந்த "உங்கள்" எனக்கு மரியாதை கொடுத்துச் சொன்ன மாதிரி காதில் விழுகிறது.

"சமாதானம்" என்ற சொல்லையும் பாருங்கள். ஏழாம் வசனத்திலும் பதினோராம் வசனத்திலும் எபிரெயத்தில் ஒரே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் "சமாதானம்" என்றே வைத்திருக்கிறது. ஏழாம் வசனம் பாபிலோனைப் பற்றியது: "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." நம்மைப் பிடித்து வைத்திருக்கிற ஊருக்காக விண்ணப்பம் பண்ணச் சொல்கிறார். பதினோராம் வசனத்தின் சமாதானம் அந்த ஊரின் வழியாகத்தான் வருகிறது. சகோதரி, நீங்கள் திருப்பூருக்காக ஜெபித்திருக்கிறீர்களா? குற்றம் சொல்லவில்லை. பத்து வருஷம் பெங்களூரில் இருந்தும் நான் ஒரு நாள் அந்த ஊருக்காக ஜெபித்ததில்லை.

காலைநேரம் · ஜூன் 10, இரவு 11.58

குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன், பெரிதாக எழுத முடியாது. அக்கா, வாசிக்கப் பிடிக்காத நாட்களில் நான் நாலே வசனம்தான் வாசிப்பேன். வனாந்தரத்தில் ஜனங்களுக்கு வானத்திலிருந்து கொடுத்த மன்னா அப்பத்தைக் கர்த்தர் ஒரு நாளைக்கு வேண்டியதுதானே சேர்க்கச் சொன்னார். மறுநாளைக்கு வைத்தவர்களுக்குப் புழு பிடித்தது. டிசம்பர் 31-ல் எடுத்த ஒரே வசனத்தை வருஷம் முழுவதற்கும் வைத்துச் சாப்பிட நானும் முயற்சி பண்ணியிருக்கிறேன். முடியவில்லை அக்கா. பெல் அடிக்கிறது, போகிறேன்.

வலிகாமம் · ஜூன் 12, காலை 8.40

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இப்போது இருப்பது கனடாவில். எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தடியில் ஆளை ஆள் நெரித்துக்கொண்டு நின்றது ஞாபகம். மழை. அப்பாவின் சைக்கிளில் இரண்டு பை, அம்மம்மாவின் மடியில் பொலித்தீன் பையில் சுற்றின வேதப்புத்தகம். "ஒரு கிழமைதான், திரும்பிவிடலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால்தான் வீட்டில் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைக்கூட மூடிவைத்துவிட்டு வந்தோம்.

கொடிகாமம் பக்கம் ஒரு வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. பெரியவர்கள் பின்னேரம் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு நாள் அம்மம்மா எங்கேயோ போய் ஒரு கட்டு மரவள்ளித் தடி வாங்கிவந்தா. வேலியோரம் கொத்தி நட்டா. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது கிழங்கு விழ எட்டு மாசம் வேணும். அதுவரைக்கும் நாங்கள் இங்கே இருக்கப்போறமோ?" என்று கத்தினார். அவர் கத்தினது அம்மம்மாவில் இல்லை என்று இப்போது விளங்குகிறது. தடி நட்டால், திரும்பிப் போவது கெதியில் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

அம்மம்மா மண்வெட்டியை வைத்துவிட்டு, "எரேமியா நடச் சொல்லியிருக்கிறார்" என்றா. அவ்வளவுதான். அவவுக்கு இந்த அதிகாரம் பாடம்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் நாங்கள் திரும்பி, யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியான வலிகாமம் போனோம். வீட்டுக் கூரை இல்லை, அது வேறு கதை. அந்தக் கிழங்கை நாங்கள் சாப்பிடவில்லை. வளவுக்காரர் சாப்பிட்டிருப்பார்கள். அவர்கள் எங்களுக்குக் கிணற்றையும் நிழலையும் தந்த சனம். ஏட்டுச்சுருள் ஏழாம் வசனம் பற்றி எழுதினதை வாசித்தபோதுதான் எனக்கு இது நினைவுக்கு வந்தது. அம்மம்மா அந்த வளவுக்காரருக்காகத் தினமும் பேர் சொல்லி ஜெபிப்பா.

நாசரேத்துக்காரி அக்கா, பெட்டிகளைப் பிரித்தால் கர்த்தர் "சரி, இவளுக்கு ஊர் வேண்டாம் போலிருக்கு" என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும். எனக்கு இங்கே வந்து நாலு வருஷம் அந்தப் பயம் இருந்தது. உட்கார ஒரு நல்ல கதிரைகூட வாங்கவில்லை.

நாசரேத்துக்காரி · ஜூன் 12, மதியம் 3.05

தம்பி, அந்தப் பயம்தான். எனக்கே பெயர் வைக்கத் தெரியாமல் இருந்தது. இப்போதைக்கு இதற்குமேல் எழுத முடியவில்லை. அம்மம்மாவுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஏட்டுச்சுருள் · ஜூன் 13, இரவு 10.10

வலிகாமம் எழுதியதற்குப் பிறகு நான் எழுத ஒன்றும் இல்லை. விவரம் ஒன்று மட்டும், தியானத்துக்கு உதவும் என்பதால்.

அந்த எகொனியா ராஜாவின் பெயர் எழுதிய களிமண் பலகைகள் பாபிலோனில் தோண்டும்போது கிடைத்தன. 1939-ல் வெளியிட்டார்கள். யூதாவின் ராஜாவுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் இவ்வளவு எண்ணெய் என்ற படிக்கணக்கு அது. அரண்மனை ஸ்டோர் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 இராஜாக்கள் புத்தகத்தின் கடைசி வசனங்களும் அப்படித்தான் முடிகின்றன. முப்பத்தேழாவது வருஷத்தில் சிறையிலிருந்து அவனை வெளியே எடுக்கிறார்கள். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவன் உயிரோடிருந்த நாளெல்லாம் அன்றன்றைக்குரிய படி கிடைத்தது. ஊருக்குத் திரும்பவில்லை.

சாதாரண ஜனங்களைப் பற்றியும் பலகைகள் உண்டு. யூதாவின் பெயரிலேயே பாபிலோன் நாட்டில் அவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது. கி.மு. 572 முதற்கொண்டு அங்கே அவர்கள் குத்தகை எடுத்தது, வாற்கோதுமை கொடுத்தது, பேரீச்சம்பழக் கணக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். கடிதத்தில் சொன்னபடி தோட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் எருசலேமுக்குத் திரும்பிப்போக வழி திறந்தது.

எரேமியா தன் பங்குக்கு என்ன செய்தார் என்பது 32-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் முற்றுகையில், அவர் காவல் முற்றத்தில். அந்த நேரத்தில் தன் சொந்த ஊரான ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். எதிரிப் படை நிற்கிற நிலம். பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், அநேக நாள் இருக்கும்படிக்கு. பாபிலோனில் இருக்கிறவனுக்கு அங்கே நடு என்றார், எருசலேமில் இருக்கிற தான் அங்கேயே நிலம் வாங்கினார்.

தீத்து_அண்ணன் · ஜூன் 14, காலை 6.50

அதே பதினோராம் வசனத்தில் "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நம் வேதத்தில் இருக்கிறதே, அதைப் பற்றி எங்கள் சபை ஐயர் ஒரு தடவை சொன்னார். எபிரெயத்தில் அது "முடிவும் நம்பிக்கையும்" என்று இரண்டு சொல்லாம். அந்த நம்பிக்கை என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் அர்த்தம் உண்டாம். எரிகோவில் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப், தன் வீடு தப்பும்படி ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் அதே சொல்தான். அவளும் கயிற்றைக் கட்டிவிட்டு அதே வீட்டில்தான் இருந்தாள். வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பதுதானே நிபந்தனை. தங்கச்சி, அட்டையைக் கிழித்துவிடவில்லையே?

நாசரேத்துக்காரி · ஜூன் 21, அதிகாலை 5.25

அண்ணன், கிழிக்கவில்லை. வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வாரமாக 29-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தேன், ஒரு நாளைக்கு மூன்று நாலு வசனம், குவைத் தங்கச்சி சொன்ன மாதிரி. ஏழாம் வசனத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை பெட்டிகளைப் பிரித்தோம். பாத்திரத்தைச் சுற்றியிருந்த பேப்பரில் போன வருஷம் ஏப்ரல் தேதி. ஒரு பெட்டியைத் திறந்ததும் கருப்பட்டி வாசனை அடித்தது. அம்மா ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தது, பதினான்கு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது, அடியில் இளகி ஓலையோடு ஒட்டிப்போய். பிள்ளைகள் கத்தியால் சுரண்டித் தின்றார்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தையல் மெஷினைக் கோணியிலிருந்து எடுத்து, பெல்ட்டை மாட்டி, எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பெட்டியைப் பிரிக்காமல் இருந்தது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அவர் கொண்டுவந்து வைத்த வீட்டில் நான் குடியிருக்கவே இல்லை.

பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பெண்ணும் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறாள். பதினான்கு மாதத்தில் அவளிடம் சிரித்ததோடு சரி. மெஷின் சத்தம் கேட்டு அவளே வந்தாள், பிள்ளையின் யூனிஃபார்ம் கிழிந்திருந்தது. தைத்துக் கொடுத்தேன். இப்போது காலை ஜெபத்தில் அவள் பெயரும் இருக்கிறது.

ஊருக்குப் போகும் ஆசை போகவில்லை. அதையும் தினமும் கர்த்தரிடம் சொல்கிறேன். தூத்துக்குடியில் இன்னொரு இடத்துக்கும் என் கணவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் கேட்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு முருங்கைப் போத்து நட்டிருக்கிறேன். இன்னும் துளிர்க்கவில்லை. தியானம் முடிந்ததும் போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

வலிகாமம் · ஜூன் 21, காலை 7.30

அக்கா, முருங்கைக்கு ஒரு குடம் கூடிப்போச்சு. ஒரு செம்பு காணும், அடி அழுகிவிடும். வெட்டின நுனியில் சாணி அப்பிவிடுங்கள், காயாது. மரவள்ளித் தடியை மட்டும்தான் எழுதினேன், அம்மம்மா முருங்கையும் நட்டவ.